சித்தூரில் ஒரு பட்டுத் தோட்டம்

மும்பையிலிருந்து சென்னைக்கு இரயிலில் வரும் தமிழர்களுக்கு ரேணிகுண்டா நன்கு அறிமுகமான பெயர். அங்கிருந்து பிரியும் ஒரு பாதை திருப்பதி, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடியை அடைகின்றது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்த நிலப்பகுதி முழுவதும் ஒரு காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911ஆம் ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் அதனுடன் சென்றது. 1960இல் திருத்தணி மட்டும் தமிழ்நாட்டிற்குத் திரும்பியது. எல்லைகள் இவ்வாறு மாறியபோதிலும், புரட்டாசி மாதத்தில் இப்பாதையில் செல்லும் அடியார் கூட்டம் மாறவில்லை.

அக்கூட்டத்தில் ஒரு சிலரை நேயர்கள் கண்டிருக்கலாம். கையில் பணம் இருந்தும், மஞ்சள் ஆடை உடுத்தி, வீடுதோறும் "கோவிந்தா" என்று குரலெழுப்பிப் பெற்ற அரிசியையும் காசையும் கொண்டே திருமலைக்குச் செல்வதாக நேர்ந்துகொண்டவர்கள் அவர்கள். சில நாட்களுக்கேனும் தம் கைப்பொருளை நம்பாமல், கொடுப்பவன் ஒருவன் உளன் என்று நம்பி நடப்பதே அந்த நேர்த்தியின் உட்பொருள். அதே மலையில் எழுந்தருளியிருக்கும் பெருமாளோ, தம் திருமணத்திற்காகக் குபேரனிடம் கடன் வாங்கி, அதற்கு இன்றளவும் வட்டி செலுத்துவதாகப் புராணக் கதை கூறுகின்றது. நம்பிக்கையும் கடனும் இவ்வாறு அடுத்தடுத்து நிற்கும் இந்நிலத்திலே, ஏறத்தாழ 185 ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு சமயத்தைச் சேர்ந்த இருவர் அதே வினாவைத் தம் வாழ்க்கையால் சோதித்துப் பார்த்தனர். ஒருவர் ஆங்கிலேயர், மற்றவர் திருநெல்வேலித் தமிழர். அவர்கள் வரலாற்றையே இன்று நாம் கூற முற்படுகின்றோம்.

ஆங்கிலேயரின் பெயர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். 1795இல் பிறந்தவர், தொழிலால் பல் மருத்துவர். எக்ஸிடர் நகரில் அவருடைய தொழில் செழித்தது. ஆண்டு வருவாய் ஏறத்தாழ 1,500 பவுனை எட்டியது. அக்காலத்தில் அது பெருஞ்செல்வம். அவரும் அவர் மனைவி மேரியும் முதலில் வருவாயில் பத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்கென ஒதுக்கினர். பின்னர் நான்கில் ஒரு பங்கை ஒதுக்கினர். இறுதியில், தேவைக்கு மிஞ்சிய அனைத்தையும் கொடுத்துவிடுவதென முடிவு செய்தனர். 1825இல் குரோவ்ஸ் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி, நாளையைக் குறித்துக் கவலைப்படாதீர்கள் என்று இயேசு மலைமேல் போதித்த போதனையை அழகிய உவமையென்று ஒதுக்கிவிடாமல், சொல்லுக்குச் சொல் கைக்கொள்ள வேண்டும் என்பதே அந்நூலின் வாதம்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1829இல் மருத்துவத் தொழிலைத் துறந்து, மனைவி மக்களோடு பாக்தாத் நகரத்திற்குப் புறப்பட்டார். அவருக்குப் பின்னே எந்தச் சங்கமும் இல்லை; மாதந்தோறும் பணம் அனுப்புவதாக எவரும் உறுதி கூறவில்லை. தேவையானதைத் தேவன் தருவார் என்பதே அவர் கையிலிருந்த ஒரே உறுதிச்சீட்டு. ஆனால் 1831ஆம் ஆண்டு பாக்தாத்தில் கொள்ளைநோயும் டைக்ரிஸ் ஆற்றின் வெள்ளமும் ஒருங்கே வந்தன. நகரின் மக்களில் பெரும்பகுதியினர் மாண்டனர். மே மாதத்தில் மேரி இறந்தார். அடுத்த சில மாதங்களில் கைக்குழந்தையும் இறந்தது. நம்பியவனுக்குக் குறைவு வராது என்று எழுதிய கையே இரண்டு உயிர்களைப் பறிகொடுத்தது. ஆயினும் அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. கடவுள் அப்பம் தருவார் என்பதற்கும், துன்பமே தரமாட்டார் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அங்கே கற்றார் எனலாம்.

1833இல் குரோவ்ஸ் இந்தியாவிற்கு வந்தார். அவரை இங்கு வரத் தூண்டியவர், பின்னாளில் கோதாவரி அணையைக் கட்டிப் புகழ்பெற்ற பொறியாளர் ஆர்தர் காட்டன். நாட்டின் பல பகுதிகளைச் சுற்றிப் பார்த்த குரோவ்ஸ், திருநெல்வேலியில் பாதிரியார் இரேனியஸ் நடத்திவந்த பணியைக் கண்டு வியந்தார். 1810இல் பிறந்து, இரேனியஸிடம் கல்வி பயின்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்னும் இளைஞர், குரோவ்ஸின் போதனையால் ஈர்க்கப்பட்டு அவருடன் சேர்ந்தார். அருளப்பனுக்குத் தமிழும் ஆங்கிலமும் கைவந்திருந்தன. ஆகவே, குரோவ்ஸுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் அவர் விளங்கினார்.

1834இல் தாயகம் திரும்பிய குரோவ்ஸ், ஹாரியட் பெயின்ஸ் என்னும் அம்மையாரை மணந்து, 1836இல் ஒரு குழுவினருடன் மீண்டும் சென்னைக்கு வந்தார். அக்குழுவில் வந்த இளைஞர் ஒருவரைத் தென்னாட்டார் அனைவரும் அறிவர். குரோவ்ஸின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக வந்த ஹெர்மன் குண்டர்ட்தான் அவர். அதே குழுவில் வந்த ஜூலி துபுவா என்னும் சுவிட்சர்லாந்து மங்கையை அவர் 1838இல் மணந்தார். மணம் முடித்த இருவரும் மங்களூருக்குச் சென்று பாசல் மிஷனில் சேர்ந்தனர். 1872இல் குண்டர்ட் வெளியிட்ட மலையாள அகராதி இன்றும் போற்றப்படுகின்றது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே இவர்தம் மகள் வயிற்றுப் பேரர். கேரளத்தில் வாழும் நம் நேயர்கள் தலைச்சேரியில் குண்டர்ட்டின் சிலையைக் காணும்போது, அவருடைய இந்திய வாழ்வின் தொடக்கம் சித்தூரிலும் இருந்தது என்பதை நினைவுகூரலாம்.

குரோவ்ஸ் சித்தூரில் குடியேறியது 1837ஆம் ஆண்டளவில். சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் இருந்த அவ்வூர் அப்போது மாவட்ட நீதிமன்றம் அமைந்த தலைமையிடம். அங்கே நிலம் வாங்கி, குரோவ்ஸ் ஒரு பண்ணையை நிறுவினார். பண்ணை எதற்கு? மதம் மாறியதால் உறவும் தொழிலும் இழந்து வருவோருக்கு உழைப்பும் உணவும் வேண்டும். ஊழியம் செய்வோர் இங்கிலாந்தின் பணத்தை எதிர்நோக்காமல் தம் கைகளாலேயே பிழைக்க வேண்டும். கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே போதித்த பவுல் அடிகளே இதற்கு முன்மாதிரி. எண்ணம் உயர்ந்தது, குறை கூற எவராலும் இயலாது.

பண்ணையில் முசுக்கட்டைச் செடி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினர். மல்பெரி என்று இன்று உழவர்கள் கூறுவது இச்செடியையே. பட்டுத் தொழிலின் இயல்பை அறிந்தோர் அதில் உள்ள இடர்ப்பாட்டையும் அறிவர். இலை தழைத்தால் புழு வளரும். புழு நலமாயிருந்தால் கூடு கட்டும். கூடு நன்றாயிருந்தால் நூல் கிடைக்கும். நூலுக்கு விலை கிடைத்தால்தான் பண்ணையாருக்குச் சோறு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போட்ட முதல் அனைத்தும் பாழ். சித்தூர்ப் பண்ணைக்கு முதல் போதவில்லை. விரிவாக்கும் பொருட்டு குரோவ்ஸ் கடன் வாங்கினார். எதிர்பார்த்த ஊதியம் வரவில்லை, நட்டமே வந்தது. நாளைக்கென்று சேர்த்து வைக்கலாகாது என்று உலகிற்குக் கூறியவர், நாளை வரப்போகும் வருவாயை நம்பிக் கடனாளியானார். அக்கடனின் சுமை சித்தூரோடு தீரவில்லை. பின்னரும் அவரைத் தொடர்ந்தது. 1847இல் மைசூர் நாட்டில் சீரங்கப்பட்டணத்திற்கு அருகே பாலஹள்ளியில் குரோவ்ஸ் குடும்பத்தார் பெயரில் சர்க்கரை ஆலை ஒன்று எழுந்தது. ஊழியத்திற்காகத் தொழில் என்று தொடங்கியது, தொழிலின் கவலை ஊழியத்தை விழுங்கும் நிலைக்கு வந்ததைக் கண்டு அவர் உள்ளம் வருந்தியது.

இங்கே இங்கிலாந்தில் நடந்த மற்றொரு சோதனையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். குரோவ்ஸின் தங்கை மேரியை 1830இல் மணந்தவர் ஜார்ஜ் முல்லர். மைத்துனரின் கொள்கை அவர் உள்ளத்தையும் ஆட்கொண்டது. சபையார் தந்துவந்த ஊதியத்தை அவர் மணம் முடித்த சில நாட்களிலேயே விட்டுவிட்டார். 1836இல் பிரிஸ்டல் நகரில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் திறந்தார். 1898இல் அவர் இறப்பதற்குள் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்தனர். முல்லர் எவரிடமும் நேரில் பணம் கேட்பதில்லை என்பது யாவரும் அறிந்தது. அதற்கு இணையான மற்றொரு விதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். எக்காரணத்தைக் கொண்டும் கடன் வாங்குவதில்லை என்பதே அவ்விதி. கையில் காசு இல்லையேல் பொருள் வாங்குவதில்லை. ஒவ்வொரு காசிற்கும் கணக்கு. ஆண்டுதோறும் அச்சிட்ட அறிக்கை. அந்த அறிக்கையே ஒரு வகையான வேண்டுகோள் அல்லவா என்று அக்காலத்திலேயே சிலர் கேட்டனர். அக்கேள்வியில் நியாயமும் உண்டு. எவ்வாறாயினும், முல்லரின் நம்பிக்கைக்குக் கணக்கேடு காவலாக நின்றது. சித்தூரிலோ அத்தகைய காவல் அமையவில்லை.

இனி அருளப்பனிடம் வருவோம். 1840ஆம் ஆண்டளவில் அவர் குரோவ்ஸிடமிருந்து விடைபெற்றுத் தெற்கே பழனி மலைகளை நோக்கிப் புறப்பட முடிவு செய்தார். தமக்காக மொழிபெயர்த்து உழைத்தவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை நியமிக்க குரோவ்ஸ் விரும்பினார். அருளப்பன் அதனை ஏற்கவில்லை. சம்பளம் வாங்கினால், கூலிக்காகவே போதிக்கின்றான் என்று மக்கள் ஓயாமல் கூறுவர் என்பது அவர் தந்த விளக்கம். இச்செய்தியை நாம் அறிவது குரோவ்ஸின் கடிதம் ஒன்றினால். கணவர் மறைந்த பின் ஹாரியட் அம்மையார் தொகுத்து 1856இல் வெளியிட்ட வரலாற்று நூலில் அக்கடிதம் இடம்பெற்றது.

இம்மறுப்பின் பொருளை அக்காலச் சூழ்நிலையில் வைத்து எண்ண வேண்டும். அன்று மிஷன்களில் பணிபுரிந்த இந்திய உபதேசியார்கள், மாதச் சம்பளம் பெறும் ஊழியர்கள். சம்பளம் தருபவர் வெள்ளைக்காரப் பாதிரியார், இடமாற்றம் செய்பவரும் அவரே, நீக்குபவரும் அவரே. பசியின் கயிறு ஒருவர் கையில் இருக்கும்போது, அவரோடு சரிசமமாக அமர்ந்து பேசுவது எளிதன்று. அருளப்பன் சம்பளத்தை மறுத்தபோது அந்தக் கயிற்றையே அறுத்தார். தேவனை நம்புதல் என்பது அவரைப் பொறுத்தவரை விடுதலையின் பெயராயிற்று. குரோவ்ஸின் பெருமையையும் இங்கே கூறாமல் விடலாகாது. தம் நாட்டார் பலர் இந்தியரைத் தாழ்ந்த பணியாளராகவே கருதிய அந்நாளில், அருளப்பனின் மறுப்பைக் கண்டு அவர் சினம் கொள்ளவில்லை, மகிழ்ந்தார். அயல்நாட்டுப் பாதிரியார் இல்லாமலேயே இந்திய விசுவாசிகள் தாமே கூடி வழிபடலாம், தாமே அப்பம் பகிரலாம் என்று கூறியவர் அவர். ஆசிரியர் வாயால் கூறியதை மாணவர் வாழ்ந்து காட்டினார்.

1842இல் மதுரை நாட்டில் அருளப்பன் கிறிஸ்டியன்பேட்டை என்னும் குடியிருப்பை அமைத்தார். அங்கும் நிலம் இருந்தது, உழவு இருந்தது, பள்ளி இருந்தது. ஆயினும் அது சித்தூர்ப் பண்ணையைப் போன்றதன்று. அயல்நாட்டுச் சந்தையை நோக்கிய பட்டு அங்கே இல்லை. குடிகளுக்குப் பழகிய பயிர்த்தொழிலே இருந்தது. அவருடன் உழைத்த போதகர்களுக்கும் நியமித்த சம்பளம் கிடையாது. வந்த காணிக்கையைப் பெற்றனர், வராதபோது பொறுத்தனர். 1860இல் அக்குடியிருப்பிலும் திருநெல்வேலிச் சிற்றூர்களிலும் பெரியதோர் ஆன்மிக எழுச்சி தோன்றியது. வெளிநாட்டார் எவரும் முன்னின்று நடத்தாத எழுச்சி அது. 1867இல் அருளப்பன் மறைந்தார். அவருடைய நாட்குறிப்புகள் 1939இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன.

அருளப்பனுக்கு வறுமை இல்லையென்றோ, குரோவ்ஸின் நம்பிக்கை பொய்யென்றோ நாம் கூறவில்லை. 1853ஆம் ஆண்டு மே மாதம் பிரிஸ்டலில் முல்லரின் இல்லத்தில் குரோவ்ஸ் உயிர்நீத்தபோது, தம் வாழ்நாட்பணி வீணாயிற்றோ என்று ஐயுறக் காரணங்கள் பல இருந்தன. பாக்தாத்தில் குடும்பத்தை இழந்தார். சித்தூரில் பணத்தை இழந்தார். ஆனால் அவர் 1836இல் அழைத்து வந்த பௌடனும் பீரும் கோதாவரிக் கரையில் நிலையாகத் தங்கிப் பணியாற்றினர். ஆந்திரத்திலும் கேரளத்திலும் தமிழகத்திலும் இன்று காணும் சகோதர சபைகளில் நியமித்த சம்பளமின்றி ஊழியம் செய்வோர் பலர் உள்ளனர். அந்த வழக்கத்தின் வேர் குரோவ்ஸின் போதனைக்குச் செல்கின்றது.

சித்தூரை விட்டுத் திருப்பதிப் பக்கம் சென்றால் இக்கதைக்கு மற்றொரு கிளையைக் காணலாம். ஜெர்மனியில் ஹெர்மன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் லூயி ஹார்ம்ஸ் என்னும் பாதிரியார் 1849இல் ஒரு மிஷனைத் தொடங்கினார். அதனைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் அவ்வூர் உழவர்கள். அவர்கள் தம் ஊழியரை அனுப்புவதற்குச் சொந்தமாக ஒரு கப்பலையே கட்டினர். "கந்தாகே" என்னும் அக்கப்பல் 1853இல் ஆப்பிரிக்காவிற்குப் புறப்பட்டது. இந்தியாவிற்கு மீலியஸ் என்பவரை அம்மிஷன் அனுப்பியது. அவர் 1865இல் சூலூர்ப்பேட்டையில் பணியைத் தொடங்கினார். நாளடைவில் அப்பணி நாயுடுப்பேட்டை, காளத்தி, திருப்பதி ஆகிய இடங்களுக்கும் பரவியது.

1914இல் உலகப் போர் மூண்டது. ஜெர்மனியிலிருந்து வந்த பணம் நின்றது. ஜெர்மானிய மிஷனரிகள் சிறைப்படுத்தப்பட்டு, நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். சபையோ தேய்ந்துவிடவில்லை. அப்பகுதியில் முன்னரே காலூன்றியிருந்த அமெரிக்காவின் ஒஹாயோ லூத்தரன் சபையார் அப்பணியை ஏற்றனர். 1945இல் அது தென்னாந்திர லூத்தரன் திருச்சபை என்னும் தன்னாட்சிச் சபையாயிற்று. அதன் தலைமையிடம் திருப்பதி. தேவன் தருவார் என்று நம்பியோருக்கு, அவர் எக்கையின் வழியாகத் தருவார் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. ஜெர்மானிய உழவனின் கை ஓய்ந்தபோது அமெரிக்கனின் கை நீண்டது. பின்னர் இந்நாட்டாரின் கையே போதுமானதாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? கடவுள் தருவார் என்னும் நம்பிக்கையை இருவகையாகக் கொள்ளலாம். வராத பணத்தை வந்ததாகக் கருதிச் செலவிடுதல் ஒரு வகை. வந்ததை மட்டும் வைத்து வாழ்ந்து, வராததற்காக எவர் முன்னும் தலைகுனியாதிருத்தல் மற்றொரு வகை. முன்னது நம்பிக்கையின் உடையணிந்து வரும் துணிகரம். பின்னது உண்மையான நம்பிக்கை. சித்தூர்ப் பண்ணையில் குரோவ்ஸ், தம் பெருந்தன்மையின் மிகுதியால், ஒரு முறை முன்னதில் கால் வைத்தார். அவருடைய மொழிபெயர்ப்பாளர் பின்னதைத் தேர்ந்தார். ஆசிரியரின் நூல் கற்பித்ததைவிட அவருடைய கடன் மாணவருக்கு மிகுதியாகக் கற்பித்திருக்கலாம்.

நாமும் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள். முதல் தேதியன்று சம்பளம் வாங்குபவர்கள். அருளப்பனைப் போல அதனை மறுக்கும் துணிவு நமக்கு இல்லை என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். ஊரைவிட்டு வேறு மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கும் நம் நிலையே. பிழைப்பு வேறு மண்ணில். உறவு வேறு மண்ணில். வீட்டிற்கு அனுப்பும் பணத்தில் ஒரு மாதம் தவறினால் உறக்கம் கெடுகின்றது. ஊரில் வீடு கட்டவும், தங்கையின் திருமணத்தை நடத்தவும், வரப்போகும் உயர்வை நம்பிக் கடன் வாங்காதவர் நம்மில் மிகச் சிலரே. ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று கூறிக்கொண்டே கையெழுத்திடுகின்றோம். அவ்வேளையில் சித்தூரின் முசுக்கட்டைத் தோட்டம் நம் நினைவிற்கு வருமாயின் நன்று.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் முசுக்கட்டை வளர்ப்போர் இன்றும் உளர். ஊருக்குச் செல்லும் இரயில் அந்நிலத்தின் வழியே ஓடும்போது, தட்டேந்திக் கோவிந்த நாமம் கூறி நடக்கும் அடியாரையும், சம்பளம் வேண்டா என்று வணங்கி விடைபெற்ற அந்தத் திருநெல்வேலி இளைஞரையும் நேயர்கள் ஒருசேர எண்ணிப் பார்க்கலாம். சமயம் வேறு, காலம் வேறு. தந்தவன் வேறொருவன் என்று அறிந்து, பெற்றதை அளந்து உண்ட மனம் இருவருக்கும் ஒன்றே.